சொகுசுக் கப்பலுக்குச் சொந்த ஒயின் கொண்டுபோவது எப்படி? குமரி மாவட்டத்தாருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

நாகர்கோவில், மார்த்தாண்டம், குளச்சல் பக்கத்தில் இப்போது சொகுசுக் கப்பல் பயணம் அபூர்வமான சங்கதி இல்லை. சிங்கப்பூரிலோ துபாயிலோ வேலை பார்க்கும் பிள்ளைகள், அப்பா அம்மாவின் 25ஆம் திருமண நாளுக்கென்று மூன்று நான்கு இரவுக் கப்பலுக்குச் சீட்டு எடுத்து அனுப்புகிறார்கள். சீட்டு கைக்கு வந்ததும் வீட்டில் மெல்ல ஒரு கேள்வி எழும். "கப்பல்ல ஒரு பாட்டில் ஒயினுக்கு நாலாயிரம், அஞ்சாயிரம் ஆகும்னு சொல்லுதாவ. நாமளே ஒண்ணு கொண்டு போனா என்ன?"

கொண்டுபோகலாம். ஆனால் எல்லாக் கப்பலிலும் இல்லை, எத்தனை வேண்டுமானாலும் இல்லை, எங்கிருந்து வேண்டுமானாலும் இல்லை. நம் மாவட்டத்தாருக்கு இந்த மூன்றில் கடைசிதான் பெரிய சிக்கல். நாம் இருப்பது இரண்டு மாநில மதுச் சட்டங்களின் எல்லையில். விமானம் ஏற வேண்டுமென்றால் பெரும்பாலும் திருவனந்தபுரத்துக்குத்தான் போகிறோம். அதனால் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன்: வீட்டிலிருந்து பாட்டில் எடுத்துப் புறப்பட வேண்டாம். கப்பல் ஏறும் ஊரில் வாங்குங்கள். ஆளுக்கு ஒன்று போதும். அதை நல்ல ஒரு மாலைக்காக வைத்துக்கொள்ளுங்கள். இதை எப்படிச் செய்வது என்பதைப் படிப்படியாகப் பார்ப்போம்.

முதல் படி: எந்த நிறுவனத்தின் கப்பல் என்று பாருங்கள்

சீட்டில் முதலில் பார்க்க வேண்டியது கப்பல் நிறுவனத்தின் பெயரைத்தான். எல்லாமே அதைப் பொறுத்தது.

கொச்சி, சென்னை, மும்பை துறைமுகங்களிலிருந்து ஓடும் கார்டிலியா கப்பலில் வெளி மதுவுக்கு அனுமதி இல்லை. ஆகவே இந்தியாவிலிருந்து கிளம்பி லட்சத்தீவோ இலங்கையோ போகிறவர்களுக்கு இந்தக் கேள்வி இத்தோடு முடிந்தது. வளைகுடாவிலும் மத்தியதரைக் கடலிலும் அதிகம் ஓடும் எம்எஸ்சி, கோஸ்டா கப்பல்களிலும் அப்படித்தான். துபாயில் இருக்கும் மகன் எம்எஸ்சியில் இடம் பிடித்திருந்தால் பாட்டிலைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். இன்னொன்றும் உண்டு. திருவனந்தபுரத்திலிருந்து ஷார்ஜா விமானத்தில் இறங்கி, அங்கிருந்து காரில் துபாய்க்குப் போகிறவர்கள் நம்மூரில் நிறைய. ஷார்ஜாவில் மதுவுக்குச் சட்டப்படியே தடை. பெட்டியில் ஒயினோடு அந்த ஊரில் இறங்குவது வீண் வம்பு.

அனுமதிக்கும் நிறுவனங்களில் நம்மவர்கள் அதிகம் ஏறுவது ராயல் கரீபியன். சிங்கப்பூரிலிருந்து கிளம்பும் பயணங்கள் அதற்குக் காரணம். மது அருந்தும் வயதுடைய பயணி ஒருவர், ஏறும் நாளில் மட்டும், முத்திரை உடைக்காத 750 மில்லி ஒயின் அல்லது ஷாம்பெயின் பாட்டில் ஒன்றைக் கைப்பையில் கொண்டுபோகலாம். ஆசியாவிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் கிளம்பும் பயணங்களுக்கு அந்த வயது 18. வட அமெரிக்காவிலிருந்து கிளம்பினால் 21.

அமெரிக்காவில் பிள்ளைகள் இருப்பவர்கள் கார்னிவல், பிரின்சஸ், ஹாலண்ட் அமெரிக்கா, நார்வீஜியன், டிஸ்னி ஆகிய பெயர்களையும் கேள்விப்பட்டிருப்பீர்கள். கார்னிவலிலும் பிரின்சஸிலும் ஹாலண்ட் அமெரிக்காவிலும் பெரியவர் ஒருவருக்கு ஒரு பாட்டில் என்பதே அடிப்படை விதி. நார்வீஜியன் மாறுபட்டது. பாட்டில் எண்ணிக்கைக்குப் பெரிய கட்டுப்பாடு கிடையாது, ஆனால் ஒவ்வொரு பாட்டிலுக்கும் கட்டணம் உண்டு. டிஸ்னிதான் தாராளம்: ஏறும் நாளிலும் வழியில் நிற்கும் ஒவ்வொரு துறைமுகத்திலும் பெரியவர் ஒருவர் 2 பாட்டில் ஒயின் அல்லது 6 பீர் கொண்டுவரலாம்.

இந்த விதிகளை நிறுவனங்கள் அவ்வப்போது திருத்துகின்றன. போன வருடம் போய்வந்த மச்சான் சொன்னது இந்த வருடம் பொருந்தாமல் போகலாம். சீட்டோடு வரும் விருந்தினர் விதிமுறைகளில் மது பற்றிய பத்தியைப் புறப்படுவதற்கு முந்தின வாரம் ஒருமுறை வாசித்துவிடுங்கள். அதைக் கைப்பேசியில் படமெடுத்து வைத்துக்கொண்டால் துறைமுக வாயிலிலும் உதவும்.

இரண்டாம் படி: எங்கே திறக்கப் போகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள்

பாட்டிலை வாங்குவதற்கு முன்பே இதை முடிவு செய்ய வேண்டும், ஏனென்றால் செலவு இதில்தான் இருக்கிறது. நம் பாட்டிலை உணவரங்கில் திறந்து ஊற்றித் தருவதற்குக் கப்பல் வாங்கும் கட்டணத்துக்குக் கார்க்கேஜ் என்று பெயர். கார்னிவலில் உணவரங்கில் திறந்தால் 750 மில்லி பாட்டிலுக்கு 15 டாலர். பிரின்சஸிலும் ஹாலண்ட் அமெரிக்காவிலும் 20 டாலர். நார்வீஜியனில் 750 மில்லிக்கு 15 டாலர், ஒன்றரை லிட்டர் பெரிய பாட்டிலுக்கு 30 டாலர். மற்ற நிறுவனங்களில் அறைக்குள் குடித்தால் முதல் பாட்டிலுக்குக் கட்டணம் இருக்காது. நார்வீஜியனிலோ அறையில் குடித்தாலும் கட்டணம் கட்டத்தான் வேண்டும்.

கணக்கு போட்டுப் பார்ப்போம். கப்பலின் பட்டியலில் ஒரு பாட்டில் 50 டாலர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் மேல் சேவைக் கட்டணமாக 18 முதல் 20 சதவீதம் தானாகவே சேரும். ஆக 59 அல்லது 60 டாலர். அதே தரத்தில் ஒன்றைக் கரையில் 20 டாலருக்கு வாங்கி, உணவரங்கில் 15 டாலர் கட்டித் திறந்தால் 35 டாலர். அறையில் இருந்தபடி குடித்தால் 20 டாலரோடு முடிந்தது. மிச்சம் கண்கூடு.

ஆனால் 8 டாலர் மலிவு ஒயினை வாங்கிப்போய் அதற்கு 15 டாலர் கார்க்கேஜ் கட்டுவதில் அர்த்தமில்லை. கட்டணம் கட்டித் திறப்பதாக இருந்தால், கப்பல் பட்டியலில் கிடைக்காத, கொஞ்சம் நல்ல ஒயினாக இருக்கட்டும். பானத் தொகுப்பு, அதாவது கப்பலில் குடிப்பதற்கெல்லாம் சேர்த்து மொத்தமாகப் பணம் கட்டும் திட்டம், வாங்கியிருப்பவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். அந்தத் தொகுப்பு கப்பலில் விற்கும் பானங்களுக்கு மட்டும்தான். கார்க்கேஜ் அதில் அடங்காது. ஏற்கெனவே தொகுப்புக்குப் பணம் கட்டியவர் சொந்த ஒயினும் சுமப்பது, ஏதாவது ஒரு விசேஷத்துக்காக என்றால் மட்டுமே சரி.

மூன்றாம் படி: எங்கே வாங்குவது

நம் ஊர்க்காரர்கள் இந்த இடத்தில்தான் கூடுதல் கவனம் வைக்க வேண்டும்.

நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் விமான நிலையத்துக்குச் சுமார் 70 கிலோமீட்டர். களியக்காவிளை தாண்டியதும் கேரள மதுச் சட்டம் தொடங்கிவிடும். தமிழ்நாட்டில் டாஸ்மாக்கில் வாங்கிய பாட்டில் அந்தப் பக்கத்தில் வெளிமாநில மது. அமரவிளை சோதனைச் சாவடியில் காரை ஓரம் கட்டச் சொல்லிப் பெட்டியைத் திறக்கச் சொன்னால், "இது கப்பலுக்கு" என்ற பதில் எடுபடாது. கேரளத்து பெவ்கோவில் வாங்கி இந்தப் பக்கம் கொண்டுவந்தாலும் இதே சிக்கல்தான். விமான நேரம் நெருங்கும்போது ஒரு பாட்டிலுக்காக வழியில் நிற்கும் நிலைமை யாருக்கும் வரக் கூடாது.

எல்லைச் சாவடியை விட்டுவிட்டாலும் வேறொரு காரணம் இருக்கிறது. ஒயின் வெப்பத்துக்கு ஆகாது. நம்மூர் ஏப்ரல், மே வெயிலில் ஒரு மணி நேரம் பூட்டிய காரில் கிடந்தாலே உள்ளே விரிவடைந்து கார்க்கை மேலே தள்ளும். சுவையும் கெடும். வீட்டு அலமாரியில் மாதக்கணக்கில் வைத்திருந்த பாட்டிலும் அவ்வளவு நன்றாக இருக்காது.

ஆகவே கப்பல் புறப்படும் ஊரில் வாங்குங்கள். சிங்கப்பூரை எடுத்துக்கொண்டால் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, சாங்கி விமான நிலையத்தின் வருகைப் பகுதியில் உள்ள தீர்வையில்லாக் கடை. 18 வயது நிறைந்து, மலேசியா அல்லாத வேறு நாட்டிலிருந்து வந்து, சிங்கப்பூருக்கு வெளியே 48 மணி நேரமாவது இருந்தவர் ஒருவர் தீர்வையில்லாமல் 2 லிட்டர் வரை ஒயின் கொண்டுவரலாம். வேறு மது எதுவும் சேர்க்காமல் ஒயின் மட்டும் என்றால்தான் இந்த 2 லிட்டர். அதாவது 750 மில்லி பாட்டில்கள் இரண்டு. மூன்றாவது பாட்டில் அளவைத் தாண்டிவிடும். கப்பலில் ஆளுக்கு ஒன்றுதானே அனுமதி? அப்படியென்றால் தம்பதிக்கு இதுவே தாராளம்.

இரண்டாவது வழி, ஊருக்குள் இருக்கும் சூப்பர் மார்க்கெட். லிட்டில் இந்தியாவில் தங்குபவர்களுக்கு நடக்கும் தூரத்திலேயே கிடைக்கும். ஆனால் சிங்கப்பூரில் இரவு 10.30 முதல் காலை 7 மணி வரை கடைகளில் மது விற்கத் தடை இருக்கிறது. பொது இடத்தில் குடிக்கவும் அந்த நேரத்தில் தடை. இரவு விமானத்தில் இறங்கி, மறுநாள் காலையில் மரினா பே கப்பல் முனையத்துக்கு ஓடுகிறவர்கள் இதை முன்கூட்டியே மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

திருவனந்தபுரம் விமான நிலையத்தின் தீர்வையில்லாக் கடையில் வாங்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். நேர் விமானம் என்றால் வாங்கலாம். வழியில் கொழும்பிலோ வேறு ஊரிலோ மாறிப் போகிறீர்கள் என்றால் வேண்டாம். இடைவழிப் பாதுகாப்புச் சோதனையில் 100 மில்லிக்கு மேற்பட்ட திரவத்தைத் தடுப்பார்கள். கடைக்காரர் முத்திரையிட்டுத் தரும் பை உடையாமல் ரசீதோடு இருந்தால்தான் ஏதாவது நியாயம் பேச முடியும். அப்படியும் எல்லா ஊரிலும் விட்டுவிடுவார்கள் என்று சொல்ல முடியாது.

நான்காம் படி: எதை எடுத்துப்போகக் கூடாது

கிறிஸ்துமஸ் சமயத்தில் நம் கடலோர ஊர்களில் பரணியில் திராட்சையும் சர்க்கரையும் போட்டு, பட்டை, கிராம்பு, கொஞ்சம் கோதுமை சேர்த்து ஊறவைக்கும் வீட்டு ஒயின் இருக்கிறதே, அதன்மேல் எல்லோருக்கும் தனிப்பாசம். பாட்டி கையால் செய்ததைக் கப்பலில் குடும்பத்தோடு பகிர்ந்துகொள்ள ஆசைப்படுவது புரிகிறது. ஆனால் எந்தக் கப்பலும் அதை ஏற்காது. தொழிற்சாலை முத்திரையும், மதுவின் அளவு அச்சிட்ட லேபிளும் உள்ள பாட்டிலைத்தான் ஏற்பார்கள். உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது தமிழ்நாட்டில் 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டப்படி குற்றமாகும் என்பதும் நினைவில் இருக்கட்டும். அதோடு, நொதித்தல் முழுசாக முடியாத ஒயின் பாட்டிலுக்குள் வாயுவை உண்டாக்கிக்கொண்டே இருக்கும். பெட்டிக்குள் வெடித்தால் பட்டுப்புடவை உட்பட எல்லாம் போயிற்று.

அக்கானியும் இதே வகைதான். காலையில் பனையிலிருந்து இறக்கியது மாலைக்குள் புளிக்கத் தொடங்கிவிடும். பாட்டிலில் அடைத்துக் கொண்டுபோக நினைக்கவே வேண்டாம். நேந்திரங்காய் சிப்ஸ் போல கடையில் சீல் வைத்துத் தரும் பொட்டலங்களுக்குப் பெரும்பாலும் தடை இல்லை.

பிராந்தி, விஸ்கி, ரம் ஆகியவற்றுக்கு அநேகமாக எந்தப் பெரிய கப்பலிலும் அனுமதி இல்லை. பீரும் டிஸ்னி போன்ற ஓரிரு இடம் தவிர கிடையாது. அட்டைப்பெட்டி ஒயினையும் ராயல் கரீபியன், நார்வீஜியன் போன்றவை ஏற்பதில்லை. தண்ணீர் பாட்டிலிலும் மவுத்வாஷ் பாட்டிலிலும் மதுவை ஊற்றி மறைத்துக் கொண்டுபோகும் யோசனையைச் சொல்பவர்கள் எப்போதும் உண்டு. தயவுசெய்து செய்யாதீர்கள். கப்பல் பாதுகாப்பு ஊழியர்கள் அதைத் தினமும் பார்ப்பவர்கள். ஊடுகதிர் இயந்திரத்திலும் மூடியின் முத்திரையிலும் பிடிபடும். பறிமுதலோடு விட்டுவிட்டால் அதிர்ஷ்டம். விதிமீறலுக்காகப் பயணியைக் கரையில் இறக்கிவிடும் அதிகாரமும் நிறுவனத்துக்கு உண்டு. அயல்நாட்டுத் துறைமுகத்தில் வயதான அப்பா அம்மா அப்படி நிற்பதை நினைத்துப் பாருங்கள்.

நம் பக்கத்துக்கு மட்டுமே உரிய ஒன்றையும் சொல்லியாக வேண்டும்: அரிஷ்டம். முட்டுவலிக்கும் சீரணத்துக்கும் தசமூலாரிஷ்டம் மாதிரி ஏதாவது ஒரு குப்பி இல்லாமல் நம் வீட்டுப் பெரியவர்கள் வெளியூருக்குக் கிளம்ப மாட்டார்கள். அரிஷ்டங்களில் தானாகவே உண்டாகும் மது 12 சதவீதம் வரைகூட இருக்கும். அது கிட்டத்தட்ட ஒயின் அளவு. பெரிய குப்பியாக எடுக்காமல், பயண நாட்களுக்கு மட்டும் போதுமான சிறிய குப்பியை, திறக்காமல், வைத்தியர் எழுதிக் கொடுத்த சீட்டோடு வைத்துக்கொள்ளுங்கள். சோதனையில் கேட்கும் முன்பே மருந்து என்று எடுத்துக் காட்டிவிடுங்கள்.

ஐந்தாம் படி: எதைத் தேர்ந்தெடுப்பது, எப்படிக் கட்டுவது

காரமும் மீனும் பழகிய நாக்குக்குக் கெட்டியான சிவப்பு ஒயினைவிட, லேசான இனிப்புள்ள வெள்ளை ஒயின் இணக்கமாக இருக்கும். ரீஸ்லிங் நல்ல தேர்வு. முதல்முறை ருசிப்பவர்களுக்கும் அது துவர்க்காது. கொண்டாட்டம் என்றால் நுரைக்கும் ஒயின். பல ஆண்டு பழைய ஒயினை வேண்டாம் என்பேன். பயணத்தில் குலுங்கி அடியில் உள்ள வண்டல் கலங்கிவிடும். தெளிய ஒரு நாளாவது நிமிர்த்தி வைக்க வேண்டும். மூன்று நாள் கப்பலில் அதற்கு ஏது பொறுமை?

முடிந்தால் திருகு மூடி உள்ள பாட்டிலாகப் பாருங்கள். கார்க் திருகி தேடும் வேலை மிச்சம். கார்க் திருகியைக் கொண்டுபோய்த்தான் ஆக வேண்டுமென்றால், விமானத்தில் அது கைப்பையில் இருக்கக் கூடாது, பெரிய பெட்டியில் போடுங்கள்.

விமானத்தில் ஒயினைப் பெரிய பெட்டியில் அனுப்பும் நிலை வந்தால் பயப்பட வேண்டாம். 24 முதல் 70 சதவீதம் மது உள்ளவற்றுக்குத்தான் ஆளுக்கு 5 லிட்டர் என்ற பாதுகாப்பு வரம்பு. ஒயின் அதற்கும் கீழே இருப்பதால் இந்த வரம்பில் வராது. சுங்க வரம்பு மட்டும் உண்டு. நிறைந்த பாட்டில் ஒன்று ஒன்றேகால் கிலோவுக்கு மேலே இருக்கும், நுரை ஒயின் அதைவிடக் கனம். எடைக் கட்டுப்பாடுள்ள விமானத்தில் இதையும் கணக்கில் சேருங்கள். பாட்டிலைப் பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி, தடித்த துவர்த்தில் சுருட்டி, பெட்டியின் நடுவில், நாலு பக்கமும் துணி இருக்கும்படி வைத்தால் உடையாது.

ஆறாம் படி: ஏறும் நாள்

துறைமுகத்தில் பெரிய பெட்டிகளைச் சுமைக்காரர்களிடம் கொடுத்துவிடுவோம். அவை மாலையில் அறை வாசலுக்கு வரும். ஒயினை அந்தப் பெட்டியில் வைக்கவே வைக்காதீர்கள். ஊடுகதிரில் பாட்டில் தெரிந்தால் பெட்டி அறைக்கு வராது. கீழே ஒரு அறையில் நிறுத்திவைத்து, உங்களை வரச்சொல்லித் திறந்து பார்த்த பிறகுதான் தருவார்கள். இரவு விருந்துக்கு மாற்றுடை அந்தப் பெட்டியில்தான் இருக்கும் என்பதை மறக்க வேண்டாம்.

கைப்பையில், எளிதாக எடுக்கும்படி வையுங்கள். கணவன் பையில் ஒன்று, மனைவி பையில் ஒன்று என்று அவரவர் பங்கை அவரவரே சுமக்க வேண்டும். ஒருவர் பையில் இரண்டும் இருந்தால் தேவையில்லாமல் விளக்கம் சொல்ல வேண்டி வரும். வயதைக் காட்ட பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும். சோதனை மேசைக்கு வந்ததும் தானாக முன்வந்து சொல்லிவிடுங்கள். நார்வீஜியனில் அங்கேயே கார்க்கேஜ் கட்டினால் பாட்டிலில் ஒட்டு ஒட்டித் தருவார்கள். அதைக் கிழிக்காமல் வைத்திருந்தால் எந்த உணவரங்கிலும் மறுபடி கேட்க மாட்டார்கள்.

மது தொடாத பெரியவர்களுக்கும் வழி இருக்கிறது. ராயல் கரீபியனில் ஓர் அறைக்கு 12 சிறிய கேன் அல்லது பாட்டில் வரை மது இல்லாத பானம் கொண்டுபோகலாம். கார்னிவல் ஆளுக்கு 12 கேன் வரை விடும், ஆனால் பிளாஸ்டிக் பாட்டில் கூடாது.

ஏழாம் படி: கப்பலுக்குள்

அறைக் குளிர்ப்பெட்டி பல கப்பல்களில் லேசாகத்தான் குளிரவைக்கும். வெள்ளை ஒயினுக்கும் நுரை ஒயினுக்கும் அது போதாது. அறை ஊழியரிடம் ஐஸ் வாளி கேளுங்கள், கொண்டுவந்து தருவார். கண்ணாடிக் கோப்பையும் அப்படியே. பலகணியில் உட்கார்ந்து, கரை மறையும் நேரத்தில் திறப்பதைவிட நல்ல நேரம் எனக்குத் தெரிந்து இல்லை. குளச்சலிலும் முட்டத்திலும் கரையில் நின்றே கடலைப் பார்த்துப் பழகிய அம்மாவுக்கு, கடலின் நடுவிலிருந்து கரையைப் பார்ப்பது புது அனுபவம்.

நுரை ஒயின் திறக்கும்போது பாட்டிலைச் சாய்த்து, கார்க்கை விடாமல் பிடித்து, பாட்டிலைத் திருப்புங்கள். கப்பல் ஆட்டத்தில் கார்க் எகிறி யார் கண்ணிலாவது பட்டுவிடக் கூடாது. உணவரங்கில் திறந்த பாட்டில் முழுதும் தீரவில்லையென்றால், அறை எண்ணை எழுதி வைத்து மறுநாள் அதே பாட்டிலைக் கொண்டுவருவார்கள். கேட்டால் போதும்.

கடல் குமட்டலுக்கு அவோமின் போட்டவர்கள் அன்று ஒயினைத் தொட வேண்டாம். இரண்டும் சேர்ந்தால் தூக்கமும் தலைசுற்றலும் கூடும். ஆடும் படிக்கட்டில் பெரியவர்கள் விழுவது இப்படித்தான். சர்க்கரை நோய்க்கு மாத்திரை எடுப்பவர்கள் ஊரிலேயே மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள்.

எட்டாம் படி: வழித் துறைமுகமும் வீடு திரும்பலும்

நடுவில் பினாங்கிலோ புக்கெட்டிலோ இறங்கி வாங்கும் பாட்டில்களை, டிஸ்னி போன்ற விதிவிலக்கு தவிர, கப்பல் வாசலிலேயே வாங்கிவைத்துக்கொண்டு ரசீது தருவார்கள். பயணத்தின் கடைசிக் கட்டத்தில் திருப்பிக் கொடுப்பார்கள். கப்பலின் தீர்வையில்லாக் கடையில் வாங்குவதும் அப்படியே. ரசீதைப் பத்திரமாக வைத்திருங்கள்.

இந்தியாவுக்குள் திரும்பும்போது ஆளுக்கு 2 லிட்டர் வரை மதுவுக்குச் சுங்கத் தீர்வை இல்லை. அதற்கு மேல் தீர்வை மிகக் கடுமை. திருவனந்தபுரத்தில் இறங்கிக் களியக்காவிளை வழியாக வீட்டுக்கு வரும்போது, தீர்வையில்லாக் கடை முத்திரைப் பையைப் பிரிக்காமல், ரசீதும் விமான நுழைவுச் சீட்டும் அதோடு சேர்த்தே வைத்திருங்கள். காரில் டிக்கியில் இருக்கட்டும், பின் இருக்கையில் வேண்டாம். சோதனைக்கு நிறுத்தினால் ரசீதை முதலில் நீட்டுங்கள், பாட்டிலை அப்புறம் காட்டலாம்.